பயங்கரவாதமும் சர்வதேச நீதியும்

1934-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், யுகோஸ்லாவிய மன்னர் முதலாம் அலெக்ஸாந்தர் மார்சேல்ஸ் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கி, தம்மை எதிர்கொண்டழைக்க வந்திருந்த பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி லூயி பார்தூவுடன் மோட்டார் வண்டியில் அமர்ந்து, வீதியின் இருமருங்கிலும் திரண்டிருந்த ஜனங்களின் ஆரவாரத்துக்கிடையே சிறிது தூரமே சென்றிருப்பார். கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்த ஒருவன் வண்டியின் படியில் தொற்றி ஏறிக் கைத்துப்பாக்கியால் சுட்டான். மன்னர் மாண்டார், அந்தக் குழப்பத்தில் குண்டடி பட்ட பார்தூவும் மாண்டார். சுட்டவன் காவலரின் வாள்வீச்சுக்கும் ஜனங்களின் ஆத்திரத்துக்கும் அன்றே இரையானான். அவனுக்குத் துணை நின்ற மூவர் பிரான்ஸில் பிடிபட்டு, 1936-இல் ஆயுட்கால தண்டனை பெற்றனர். ஆனால் சதியை உருவாக்கியவர்கள் எனக் கருதப்பட்ட உஸ்தாஷா இயக்கத் தலைவர் ஆந்தே பாவெலிச்சும் அவருடைய தோழர் குவாதெர்னிக்கும் இத்தாலியில் இருந்தார்கள். அவர்களை ஒப்படைக்கும்படி பிரான்ஸ் கேட்டது. அது அரசியல் குற்றம், ஆகையால் ஒப்படைப்பதற்கில்லை என்று டூரின் நகரத்து நியாயஸ்தலம் மறுத்துவிட்டது. பிரெஞ்சு நீதிமன்றம், எதிரிகள் இல்லாமலே விசாரணை நடத்தி, அவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. விதித்த தண்டனை காகிதத்தோடு நின்றது.

பயங்கரவாதக் குற்றத்தைச் சர்வதேசச் சட்டத்தின்கீழ் எவ்வாறு விசாரிப்பது என்னும் பிரச்னை முழுவதும் இந்த ஒரு சம்பவத்திலேயே அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். ஒரு தேசத்தின் பிரஜை, இரண்டாவது தேசத்தில் பயிற்சி பெற்று, மூன்றாவது தேசத்தின் மண்ணில், நான்காவது தேசத்தின் தலைவரைக் கொன்றால், அவனை விசாரிக்கும் அதிகாரம் எவருக்கு உண்டு? எந்தச் சட்டத்தின்படி? அவனை வைத்திருக்கும் அரசாங்கம் தர மறுத்தால் செய்வது யாது? இக்கேள்விகளுக்கு விடை காண முயன்றவர்கள் பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொண்டது, பயங்கரவாதம் என்றால் என்ன என்னும் இலக்கண விசாரணையையே. பயங்கரவாதத்துக்கு உலகம் ஒப்பும் வரையறை ஒன்று கிடைத்துவிட்டால், நியாயஸ்தலமும் தண்டனையும் தாமே வந்து சேரும் என்று அவர்கள் நம்பினார்கள். சென்ற தொண்ணூறு ஆண்டுகளின் அனுபவத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது விளங்கும்.

அரசியல் குற்றம் என்னும் அரண்

டூரின் நீதிபதிகள் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில், கொடுங்கோல் மன்னர்களை எதிர்த்துத் தோற்று ஓடிவந்தவர்களை அதே மன்னர்களின் கையில் திருப்பிக் கொடுப்பது பாவம் என்னும் எண்ணம் வேரூன்றி, 1833-இல் பெல்ஜியம் இயற்றிய சட்டத்தில் தெளிவான வடிவம் பெற்றது. அரசியல் குற்றவாளியை ஒப்படைக்கலாகாது என்ற அந்த நியதியைப் பின்னர் தேசங்கள் பலவும் தத்தம் உடன்படிக்கைகளில் சேர்த்துக்கொண்டன. ஆனால் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியின் ரயில் வண்டியைத் தகர்க்க முயன்றவர்கள் பெல்ஜியத்தில் அடைக்கலம் புகுந்தபோது, அதே பெல்ஜியம் 1856-இல் தன் சட்டத்தைத் திருத்தி, அந்நிய நாட்டுத் தலைவரையோ அவர் குடும்பத்தாரையோ கொல்வது அரசியல் குற்றமாகக் கருதப்படாது என்று ஒரு விலக்கைச் சேர்த்தது. ஆங்கிலேய நீதிபதிகளும் இப்படியே ஒரு கோடு கிழிக்க முற்பட்டனர். சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாகாணத்துக் கிளர்ச்சியில் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஓடிவந்த காஸ்தியோனி என்பவரை, அது கிளர்ச்சியின் அங்கமாக நிகழ்ந்தது என்று சொல்லி ஒப்படைக்க மறுத்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1894-இல், பாரிஸ் சிற்றுண்டிச்சாலையில் வெடிகுண்டு வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பெற்ற மெனியே என்ற அராஜகவாதியை, எல்லா அரசாங்கங்களுக்கும் பொது விரோதியானவன் எந்த அரசியல் கட்சியையும் சேர்ந்தவனல்லன் என்று கூறி ஒப்படைத்தனர்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த அரண் அந்நியமானதன்று. 1908-இல் பாரதியாரும், 1910-இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் புதுச்சேரியைத் தேடிப் போனதற்குக் காரணம், பிரெஞ்சுக் கொடி பறந்த அந்தச் சிறு பட்டணம் அரசியல் அகதிகளைப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்காது என்னும் நம்பிக்கையே. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட பிறகு, பிரிட்டிஷ் ஒற்றர்கள் புதுச்சேரித் தெருக்களில் அகதிகளின் வீட்டு வாசல்களைக் காவல் காத்து நின்றார்கள். உள்ளே நுழைந்து பிடிக்க அவர்களால் இயலவில்லை. அன்றைய அரசாங்கத்தின் ஏடுகளில் வாஞ்சி பயங்கரச் சதிகாரன். இன்று அந்த ரயில் நிலையமே அவன் பெயரால் வாஞ்சி மணியாச்சி என்று வழங்குகிறது. அதற்கு முந்தின ஆண்டு, 1910 ஜூலையில், கைதியாகக் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர், கப்பலின் சாளரத்தின் வழியே கடலில் குதித்து நீந்திக் கரையேறியது இதே மார்சேல்ஸ் துறைமுகத்தில்தான். பிரெஞ்சுக் காவலர் அவரை உடனே பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட, கொடுத்தது தவறு, கைதியை மீண்டும் தா என்று பிரான்ஸ் பின்னர் கேட்க, ஹேக் நகரத்து மத்தியஸ்த நீதிமன்றம் 1911 பிப்ரவரியில், கைமாறியதில் ஒழுங்குக் குறைவு உண்டெனினும் திருப்பிக் கொடுக்கும் கடமை பிரிட்டனுக்கு இல்லை என்று தீர்த்தது. ஆள் எவர் கையில் இருக்கிறானோ அவர் பக்கமே சட்டமும் சாய்கிறது என்பதற்கு அது ஒரு முன்னறிவிப்பு.

ஜெனீவாவில் எழுதிய இரு சாசனங்கள்

மார்சேல்ஸ் கொலைக்குப் பிறகு பிரான்ஸ் தன் யோசனையைச் சர்வதேச சங்கத்தின் முன் வைத்தது. மூன்று ஆண்டு ஆலோசனையின் பயனாக, 1937 நவம்பர் 16-ஆம் நாள் ஜெனீவாவில் இரண்டு உடன்படிக்கைகள் கையொப்பத்துக்கு வைக்கப்பெற்றன. ஒன்று பயங்கரவாதத்தைத் தடுத்துத் தண்டிப்பதற்கு. மற்றொன்று அதற்கென ஒரு சர்வதேசக் குற்றவியல் நியாயஸ்தலத்தை ஸ்தாபிப்பதற்கு. ஒரு ராஜ்யத்துக்கு எதிராகச் செய்யப்படுவதும், தனி மனிதர் மனத்திலோ பொதுமக்கள் மனத்திலோ பீதியை உண்டாக்கும் நோக்கமுடையதுமான குற்றச் செயலே பயங்கரவாதம் என்பது முதல் உடன்படிக்கை கண்ட இலக்கணம். ராஜ்யத்துக்கு எதிரான பயங்கரம் மட்டுமே அங்கே குற்றம். ராஜ்யமே தன் குடிகள்மீது ஏவும் பயங்கரம் அந்த இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. 1937-ஆம் ஆண்டின் ஐரோப்பாவில், எந்தப் பயங்கரம் பெரியது என்பதை இப்போது நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் உடன்படிக்கையில் 24 தேசங்களும், இரண்டாவதில் அதனினும் குறைவாக 13 தேசங்களும் கையொப்பமிட்டன. கையொப்பமிட்டு, பின்னர் முறைப்படி ஏற்று உறுதி செய்த ஒரே தேசம், பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இந்தியா. அதுவும் முதல் உடன்படிக்கையை மட்டும், உலகம் யுத்தத்தில் மூழ்கியிருந்த 1941-ஆம் ஆண்டில். இந்தியாவை ஆண்ட பிரிட்டனோ அதில் கையொப்பமே இடவில்லை. தன் தேசத்துக்கு வேண்டாமென்று ஒதுக்கிய சட்டத்தைத் தான் ஆளும் தேசத்துக்கு மட்டும் விரும்பிய அந்த மனோபாவம், பயங்கரவாதம் என்னும் சொல்லை அரசாங்கங்கள் எதற்காக நாடுகின்றன என்பதை ஓரளவு விளக்குகிறது. இரு சாசனங்களும் ஒருநாளும் அமலுக்கு வரவில்லை. டூரின் நீதிமன்றம் தப்பவிட்ட பாவெலிச், 1941-இல் ஹிட்லர், முஸோலினி ஆகியோரின் துணையோடு குரோவேஷியாவின் அதிபதியாகி, பல்லாயிரக்கணக்கான செர்பியரையும் யூதரையும் ஜிப்ஸிகளையும் கொன்று குவித்தார். யுத்தத்துக்குப் பின்னும் எந்த நியாயஸ்தலத்தின் முன்னும் நிற்காமலே 1959-இல் மாட்ரிட் நகரில் இறந்தார்.

செயல் செயலாக ஒரு சட்டம்

யுத்தத்துக்குப் பின் ஏற்பட்ட ஐக்கிய நாடுகள் சபையிலும் இலக்கணச் சண்டை ஓயவில்லை. 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக் பந்தயத்தின்போது இஸ்ரேலியக் குழுவைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டபின், பொதுக் காரியதரிசி குர்ட் வால்ட்ஹைம் இவ்விஷயத்தைப் பொதுச் சபையின் முன் கொண்டுவந்தார். அங்கே உடனே இரு கட்சிகள் பிரிந்தன. குற்றமற்றவர்களைக் கொல்வது எந்தக் காரணத்துக்காகவும் மன்னிக்கத் தகாதது என்றது ஒரு கட்சி. அந்நிய ஆட்சியின்கீழ் நசுங்கும் ஜனங்கள் ஆயுதம் எடுப்பதற்குக் காரணமான அநீதியை முதலில் நீக்குங்கள், விடுதலைப் போரைப் பயங்கரவாதத்தோடு சேர்த்து எண்ணாதீர்கள் என்றது, புதிதாக விடுதலை பெற்ற ஆசிய ஆப்பிரிக்க தேசங்களை மிகுதியாகக் கொண்ட மற்றொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருந்தபடியால் இரண்டும் நகரவில்லை.

வாசல் அடைபட்டிருக்கக் கண்ட சட்ட நிபுணர்கள், பக்கத்துச் சந்து வழியே உள்ளே நுழைந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பயங்கரவாதம் என்னும் பொதுச் சொல்லைத் தொடாமல், இன்ன செயல் குற்றம் என்று ஒவ்வொன்றாகப் பெயரிட்டு உடன்படிக்கை செய்துகொள்ளும் முறை அது. விமானத்தைக் கடத்துவது பற்றி 1970-இல் ஹேக் நகரில், விமானத்தைத் தகர்ப்பது பற்றி 1971-இல் மான்ட்ரியலில், ராஜதந்திரிகளைத் தாக்குவது பற்றி 1973-இல், மனிதரைப் பணயமாகப் பிடிப்பது பற்றி 1979-இல், ஆக்கிலே லாரோ கப்பல் 1985-இல் கைப்பற்றப்பட்டபின் கடற்பயணத்தின் பாதுகாப்பைப் பற்றி 1988-இல் ரோமில், வெடிகுண்டுத் தாக்குதல் பற்றி 1997-இல், பண உதவி பற்றி 1999-இல், அணுப் பயங்கரம் பற்றி 2005-இல் எனப் பன்னிரண்டுக்கு மேற்பட்ட உடன்படிக்கைகள் உருவாயின.

இவற்றின் முதுகெலும்பாக உள்ள கொள்கை ஒன்றே: குற்றவாளி எவர் மண்ணில் அகப்படுகிறானோ அவர் அவனைக் கேட்கும் தேசத்திடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் தாமே வழக்குத் தொடர வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து அறிஞர் குரோஷியஸ் சொல்லி வைத்த இந்தத் தத்துவம், குற்றவாளிக்கு உலகத்தில் ஒளிவிடம் இல்லாமல் செய்வதையே நாடுகிறது. 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒரு படி மேலே சென்று, அரசியல் குற்றம் என்று சொல்லி ஒப்படைக்க மறுக்கும் பழைய உரிமையை இவ்வகைக் குற்றங்களுக்கு முற்றும் நீக்கியது. ஐரோப்பிய தேசங்கள் 1977-இலும், சார்க் தேசங்கள் 1987-இல் காட்மாண்டுவிலும் அதே வழியில் ஏற்கெனவே அடியெடுத்து வைத்திருந்தன.

காகிதத்தில் பழுதற்ற இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி வளைகிறது என்பதற்கு 2008 நவம்பரில் 166 பேரைப் பலிகொண்ட மும்பைத் தாக்குதலே சான்று. உயிரோடு பிடிபட்ட ஒரே துப்பாக்கிதாரி அஜ்மல் கசாப், இந்திய நீதிமன்றங்கள் மூன்றிலும் விசாரணை முடிந்து, 2012 நவம்பரில் தூக்கிலிடப்பட்டான். தாக்குதலுக்கு முன் நகரத்தை வேவு பார்த்துக் கொடுத்த டேவிட் ஹெட்லி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தன்னை இந்தியாவுக்கு அனுப்பலாகாது என்ற நிபந்தனையையும் பேரம் பேசிப் பெற்றுக்கொண்டு, 35 ஆண்டுச் சிறைத் தண்டனையோடு அங்கேயே தங்கினான். மும்பை நீதிமன்றத்துக்கு அவன் கொடுத்த சாட்சியம் 2016-இல் ஒளித்திரை வழியாகவே வந்தது. அவனுடைய கூட்டாளி என்று குற்றஞ்சாட்டப்பெற்ற தஹாவூர் ராணா இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது 2025 ஏப்ரலில். பாகிஸ்தானில் எழுவர்மீது தொடங்கிய வழக்கோ ஆண்டுகள் பல சென்றும் முடிவு காணவில்லை. ஒப்படைத்தவர் உண்டு, தாமே தண்டித்தவர் உண்டு, வழக்கைத் தொடங்கிவிட்டு உறங்கியவரும் உண்டு. மூவரும் தாம் சட்டத்தை மீறவில்லை என்றே சொல்லக் கூடும்.

லாக்கர்பி

ஒப்படை, அல்லது விசாரி என்னும் தத்துவம் உரைகல்லில் தேய்க்கப்பட்டது லாக்கர்பி வழக்கில்தான். 1988 டிசம்பர் 21-ஆம் நாள் லண்டனிலிருந்து நியூயார்க் நோக்கிப் பறந்த பான் அமெரிக்கன் விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்துச் சிதறி, விமானத்திலிருந்த 259 பேரும் தரையில் இருந்த 11 பேரும் மாண்டனர். மூன்று ஆண்டுப் புலன்விசாரணைக்குப் பின் லிபிய உளவு அதிகாரிகள் எனப்பட்ட இருவர்மீது பிரிட்டனும் அமெரிக்காவும் குற்றஞ்சாட்டி, அவர்களைத் தரும்படி கேட்டன. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி தன் பிரஜைகளைத் தானே விசாரிக்கும் உரிமை தனக்கு உண்டென்றது லிபியா. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் லிபியா சொன்னது தவறன்று. ஆனால் அந்த அரசாங்கமே குற்றத்தின் பின்னணியில் இருப்பதாகக் குற்றச்சாட்டு இருக்கையில், விசாரணையை அதன் கையில் விடுவது வேலிக்கு ஓணான் சாட்சி சொல்வதுபோல் ஆகாதா என்று மற்றவர் கேட்டனர்.

லிபியா 1992 மார்ச்சில் ஹேக் சர்வதேச நியாயஸ்தலத்தை அணுகியது. நியாயஸ்தலம் தன் கருத்தைச் சொல்வதற்கு முன்பே பாதுகாப்புச் சபை அதே மாதக் கடைசியில் 748-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, லிபியாவுக்கு விமானப் போக்குவரத்தையும் ஆயுத விற்பனையையும் தடை செய்தது. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் கீழ் வரும் கடமை மற்ற உடன்படிக்கைகளின் கடமையினும் மேலானது என்ற காரணத்தால், நீதிபதிகள் ஏப்ரல் 14-இல் லிபியா கோரிய இடைக்கால உத்தரவை மறுத்தனர். உடன்படிக்கை தேசங்களுக்குக் கொடுத்த உரிமையைப் பாதுகாப்புச் சபையின் ஒரு தீர்மானம் எடுத்துவிடலாம் என்ற நிலை இதனால் ஏற்பட்டது. அந்தச் சபையின் நிரந்தர அங்கத்தினருக்கு வேண்டியவர்கள் மீது இத்தகைய தீர்மானம் என்றேனும் வருமா என்னும் கேள்வியும் உடனே எழுந்தது.

ஏழு ஆண்டுத் தடைக்குப் பின் பிறந்த சமரசம் விசித்திரமானது. நெதர்லாந்தில், ஸைஸ்ட் முகாம் என்னும் பழைய அமெரிக்க விமானத் தளத்தை உடன்படிக்கையின் மூலம் தற்காலிகமாக ஸ்காட்லாந்து நீதியின் எல்லைக்குள் கொண்டுவந்து, ஜூரிகள் இல்லாமல் மூன்று ஸ்காட்லாந்து நீதிபதிகள் ஸ்காட்லாந்துச் சட்டப்படி விசாரித்தார்கள். 2000 மே மாதம் தொடங்கிய விசாரணை 2001 ஜனவரி 31-இல் முடிந்தது. அப்தெல்பாஸெத் அல் மெக்ராஹி குற்றவாளி என்றும், அல் அமீன் ஃபிமா நிரபராதி என்றும் தீர்ப்பாயிற்று. மெக்ராஹியின்மீது நிரூபணமானது பழைய, எளிய, எவரும் அறிந்த கொலைக் குற்றமே. பயங்கரவாதம் என்னும் பெயர் குற்றப் பத்திரிகைக்குத் தேவைப்படவில்லை. மால்டாத் தீவில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரின் அடையாளச் சாட்சியம், வெடிகுண்டின் கால அளவுக் கருவியின் ஒரு சிறு துண்டு முதலியவற்றின்மேல் நின்ற அத்தீர்ப்பைப் பற்றிய சந்தேகங்கள் அடங்கவில்லை. ஸ்காட்லாந்தின் மறுபரிசீலனை ஆணையமே 2007-இல், நீதி தவறியிருக்கக்கூடும் என்று சொல்லி மேல்முறையீட்டுக்கு வழிவிட்டது. புற்றுநோயால் 2009-இல் கருணையின் பேரில் விடுவிக்கப்பட்ட மெக்ராஹி 2012-இல் இறந்தார். அவர் இறந்தபின் குடும்பத்தார் தொடர்ந்த அப்பீலும் 2021-இல் தள்ளுபடியாயிற்று. ஆயினும் இரு பெரும் தேசங்கள் தங்கள் மண்ணில்தான் விசாரிப்போம் என்ற வீம்பையும், லிபியா எவரிடமும் தரமாட்டேன் என்ற பிடிவாதத்தையும் விட்டுக்கொடுத்தபோதுதான் வழக்கு என்ற ஒன்று நடந்தது என்பது மறக்கத் தகாதது.

ரோமாபுரியும் அதற்கு அப்பாலும்

1998 ஜூலையில் ரோம் நகரில் நிரந்தரச் சர்வதேசக் குற்றவியல் நியாயஸ்தலத்தை நிறுவக் கூடிய மாநாட்டில், இந்தியாவும் இலங்கையும் துருக்கியும் பயங்கரவாதத்தையும் அந்த நியாயஸ்தலத்தின் வரம்புக்குள் சேர்க்க வேண்டுமென்று வாதாடின. மூன்றும் தத்தம் எல்லைக்குள்ளேயே ஆயுதக் கிளர்ச்சிகளை எதிர்த்து நின்ற அரசாங்கங்கள் என்பது கவனிக்கத்தக்கது. வரையறை இல்லை, நியாயஸ்தலம் அரசியலில் சிக்கும், உள்நாட்டு நீதிமன்றங்களே போதும் என்ற காரணங்களால் மாநாடு அதை ஏற்கவில்லை. பின்னால் பரிசீலிக்கலாம் என்ற ஒரு தீர்மானத்தோடு விஷயம் முடிந்தது. 2010-இல் கம்பாலாவில் கூடிய மறுபரிசீலனை மாநாடும் பயங்கரவாதத்தைச் சேர்க்கவில்லை. இந்தியா கடைசி வாக்கெடுப்பில் நடுநிலை வகித்து, இன்றுவரை அந்த நியாயஸ்தலத்தில் சேராமல் நிற்கிறது.

எனினும் பயங்கரத்தைப் பரப்பிய செயல்கள் சர்வதேச நீதிபதிகளின் முன் வராமல் இல்லை. வேறு பெயரில் வந்தன. சாராயேவோ நகரத்து ஜனங்களை மலைமேலிருந்து பீரங்கியாலும் மறைந்திருந்து சுடுவோராலும் மாதக்கணக்கில் வாட்டிய ஸ்டானிஸ்லாவ் காலிச் என்னும் தளபதியை, குடிமக்களிடையே பீதியைப் பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட யுத்தக் குற்றம் புரிந்தவரென்று யுகோஸ்லாவியத் தனி நியாயஸ்தலம் 2003-இல் தீர்த்து, 2006-இல் அப்பீலில் தண்டனையை ஆயுளுக்கு உயர்த்தியது. லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்ல்ஸ் டெய்லர் 2012-இல் பெற்ற 50 ஆண்டுத் தண்டனையிலும் பயங்கரச் செயல்கள் ஓர் அங்கம். ஆயுதக் குழுவைச் சேர்ந்தவனாயினும் படைத் தலைவனாயினும் ஒரே அளவுகோல் என்பது யுத்தச் சட்டத்தின் சிறப்பு. ஜெனீவா 1937-இல் விட்டுவிட்ட பாதியை அது நிரப்பியது.

பெய்ரூத்

பயங்கரவாதம் என்ற குற்றத்துக்கே உரிமை கொண்டாடிய முதல் சர்வதேச நியாயஸ்தலம் லெபனானுக்காக ஏற்பட்டது. 2005 பிப்ரவரி 14-இல் பெய்ரூத் கடற்கரை வீதியில் வண்டியொன்றில் வைத்த பெரும் வெடி, முன்னாள் பிரதம மந்திரி ரஃபீக் ஹரீரியையும் மற்ற 21 பேரையும் கொன்றது. லெபனானின் பார்லிமெண்டு கூடாமல் கிடந்தபடியால் பாதுகாப்புச் சபை 2007-இல் 1757-ஆம் தீர்மானத்தின் மூலம் தன் அதிகாரத்தாலேயே நியாயஸ்தலத்தை ஏற்படுத்தியது. 2009-இல் ஹேக் நகருக்கு அருகே அது வேலை தொடங்கிற்று. அது பிரயோகிக்க வேண்டியது லெபனானின் சொந்தக் குற்றச் சட்டம்.

2011 பிப்ரவரியில் அதன் அப்பீல் பிரிவு, புகழ்பெற்ற இத்தாலிய நீதிபதி அந்தோனியோ கஸ்ஸேஸேயின் தலைமையில், ஒரு துணிவான முடிவை வெளியிட்டது. குற்றச் செயல் ஒன்று, ஜனங்களிடையே பீதியைப் பரப்பவோ அதிகாரத்திலிருப்பவரை நிர்ப்பந்திக்கவோ வேண்டுமென்ற எண்ணம், ஒரு தேசத்தின் எல்லையைக் கடந்த தொடர்பு ஆகிய மூன்றும் கூடினால் அது பயங்கரவாதம் என்னும் சர்வதேசக் குற்றம். தேசங்களின் வழக்கத்தாலேயே அந்த இலக்கணம் நிலைபெற்றுவிட்டது என்பது அம்முடிவு. அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக எட்டாத ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டனர்.

இலக்கணம் கிடைத்தது, எதிரி கிடைக்கவில்லை. கைத்தொலைபேசிகளின் அழைப்புகளை வலைவலையாகப் பிரித்து, ஒவ்வொரு வலைக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என நிறப்பெயர் சூட்டி, ஹரீரியைப் பின்தொடர்ந்தவர் எவரென்று காட்டும் நுட்பமான சாட்சியம் நீதிமன்றத்தில் வந்தது. 2020 ஆகஸ்டு 18-இல் ஸலீம் அய்யாஷ் குற்றவாளி, மற்ற மூவர் அல்லர் என்று தீர்ப்பாயிற்று. அந்த மூவரில் இருவர் 2022-இல் அப்பீலில் குற்றவாளிகளாயினர். ஹெஸ்புல்லா இயக்கம் அவர்களை ஒப்படைக்க மறுத்தபடியால், ஒருவர்கூட ஒருநாளும் கூண்டில் நிற்கவில்லை. 2023 டிசம்பர் முடிவில் நியாயஸ்தலம் கதவடைத்தபோது, எதிரியில்லாத விசாரணையும் சிறையில்லாத தண்டனையும் என மார்சேல்ஸ் வழக்கு விட்ட இடத்துக்கே உலகம் திரும்பி வந்திருந்தது.

வரையறை யாருக்காக

அப்படியானால் வரையறை வீண் முயற்சியா? அன்று என்பதற்கு 2001 செப்டம்பர் 11-க்குப் பின் நிகழ்ந்தவை சாட்சி. ஏறக்குறைய மூவாயிரம் பேரைக் கொன்ற அத்தாக்குதலுக்குப் பதினேழு நாட்கள் கழித்து, பாதுகாப்புச் சபை தன் 1373-ஆம் தீர்மானத்தால், பயங்கரவாதத்தைத் தத்தம் சட்டத்தில் கடுங்குற்றமாக்கும்படி எல்லாத் தேசங்களுக்கும் கட்டளையிட்டது. ஆனால் பயங்கரவாதம் என்றால் என்ன என்று அந்தத் தீர்மானம் சொல்லவில்லை. நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்தை மட்டும் எல்லாருக்கும் கட்டாயமாக்கியது போன்ற இந்த உத்தரவைச் சில அரசாங்கங்கள் எதிர்க்கட்சிக்காரன்மீதும் பத்திரிகைக்காரன்மீதும் பிரயோகித்ததில் வியப்பில்லை. சந்தேகத்துக்குரியவரின் பெயரைப் பட்டியலில் சேர்த்துச் சொத்தை முடக்கும் முறையும், காரணம் சொல்லாமலே நடந்ததால், 2008-இல் காதி என்பவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. குவாந்தனாமோவில் செப்டம்பர் 11 சதிக்காரர்மீது அமெரிக்கா நிறுவிய இராணுவ விசாரணை இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தொடங்கவே இல்லை. சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஸக்காரியாஸ் மூஸாவி 2006-இலேயே ஆயுள் தண்டனை பெற்றுவிட்டான்.

நம் வாசலில் நடந்த ஒன்றும் இதற்குப் பொருந்தும். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, ஒரு தனி மனிதரைப் பழிவாங்கும் நோக்கமே நிரூபணமாயிற்று, அரசாங்கத்தை மிரட்டவோ ஜனங்களிடையே பீதியை உண்டாக்கவோ எண்ணியது நிரூபணமாகவில்லை என்று கூறி, அது தடாச் சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் ஆகாது என முடிவு செய்தது; நால்வரின் மரண தண்டனையை மட்டும் சாதாரணக் கொலைச் சட்டத்தின்கீழ் உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கி, பத்தொன்பது பேரை விடுவித்தது. ஆனால் தடாச் சட்டத்தின்கீழ் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலங்கள் செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று. சாதாரண வழக்கில் ஏற்கப்படாத சாட்சியம், பயங்கரவாதம் என்ற பெயரின் துணையால் உள்ளே வந்தது. பெயர் பொருந்தாதென்று விலகிய பிறகும் சாட்சியம் தங்கிவிட்டது. பயங்கரவாதம் என்னும் சொல் குற்றவாளிக்குப் பெயர் மட்டுமன்று. அது அரசாங்கத்தின் கையில் கொடுக்கும் சாவியும் ஆகும்.

இலங்கைத் தமிழ் அகதி ஒருவரை நாடு கடத்தும் வழக்கில் கனடாவின் சுப்ரீம் கோர்ட்டு 2002-இல் மேற்கொண்ட வழி இதற்கு மாறானது. தேசத்தின் சட்டம் பயங்கரவாதத்தை வரையறுக்காமல் விட்டிருந்த இடத்தில், நீதிபதிகள் 1999-ஆம் ஆண்டுப் பண உதவி உடன்படிக்கையிலிருந்து ஓர் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, ஜனங்களை மிரட்டவோ அரசாங்கத்தை நிர்ப்பந்திக்கவோ, போரில் ஈடுபடாத மனிதரைக் கொல்வதும் காயப்படுத்துவதுமே பயங்கரவாதத்தின் சாரம் என்று எல்லை கட்டினர்; சித்திரவதைக்கு ஆளாகக் கூடிய இடத்துக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாக நியாயமாகாது என்றும் கூறினர். சர்வதேசச் சட்டம் அங்கே அரசாங்கத்தின் கைக்குக் கடிவாளமாயிற்று.

1996-இல் இந்தியா முன்வைத்த பொது உடன்படிக்கையின் நகல், விடுதலைப் போராட்டத்தை எங்கே வைப்பது, அரசாங்கப் படைகளின் செயலை எங்கே வைப்பது என்னும் அதே இரு முடிச்சுகளில் சிக்கி, இன்னமும் ஐக்கிய நாடுகள் சபையில் கிடக்கிறது. அது நிறைவேறினால் கொலைகாரர் உடனே கூண்டில் ஏறுவார்கள் என்று நம்புவதற்கு நாம் கண்ட சரித்திரத்தில் ஆதாரமில்லை. பாவெலிச்சையும் மெக்ராஹியையும் அய்யாஷையும் தேடியவர்களுக்குக் குறைந்தது சொல் அன்று. கொலை என்ற சொல் எல்லாப் பாஷையிலும் இருக்கிறது. இல்லாமற் போனது, ஒளித்து வைத்தவர் கையைத் திறக்கச் செய்யும் வலிமையும், தனக்கு வேண்டியவன் ஆனாலும் கொடுத்துவிடும் நேர்மையுமே. வரையறை வேண்டுவது வேறொரு காரியத்துக்காக: பயங்கரவாதி என்று எவனை அழைக்கலாகாது என்று அரசாங்கங்களுக்குச் சொல்வதற்காக. அந்த வரையறையை எழுத உட்காருபவர்கள் அரசாங்கங்களின் பிரதிநிதிகளே என்பதால், அது இன்னும் எழுதி முடியாமல் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.